உறைபனியும் ஊதாக்கதிரும்

நுழையும்முன்

மலை என்றதும் குளிர்ச்சியும் பசுமையுமே நம் நினைவுக்கு வருகின்றன. சுற்றுலா செல்லும் நமக்கு அது சில நாள் இன்பம். அங்கேயே வேரூன்றி வாழும் செடிகொடிகளுக்கோ மலை என்பது நாள்தோறும் தொடரும் போராட்டக்களம். இடம்பெயர்ந்து ஒளிய இயலாத அவ்வுயிர்கள், சுடும் கதிரையும் உறையவைக்கும் குளிரையும் எவ்வாறு எதிர்கொள்கின்றன? நீலகிரியின் உச்சிப் புல்வெளிகளும் சோலைக்காடுகளும் தரும் விடையை அறிவோம்.

ஒரு தை மாதக் காலை

தை மாதத்தின் ஒரு விடியற்காலை. நீலகிரி மாவட்டம் அவலாஞ்சிப் பகுதியில், வெள்ளைத் துணி விரித்தாற்போலப் புல்வெளியெங்கும் உறைபனி படர்ந்திருக்கிறது. காலடி படும் இடங்களில் புல் நொறுங்கும் ஓசை கேட்கிறது. கதிரவன் எழுந்த சிறிது நேரத்தில் பனி உருகி மறைகிறது. நண்பகலில் அதே புல்வெளியில் நிற்பவரின் முகத்தோல் வெயிலில் எரிகிறது. நான்கடி நகர்ந்து நிழலுக்குள் சென்றால் உடல் நடுங்குகிறது.

மலைச்சரிவின் தேயிலைத் தோட்டங்களில் இளஞ்செடிகளின்மேல் பெரணித் தழைகளைப் போர்த்தி வைத்திருக்கின்றனர். போர்த்தாமல் விட்ட செடிகளின் இலைகள் தீயில் வாட்டியவைபோலக் காணப்படுகின்றன. 'பனியில் கருகிவிட்டது' என்று கூறித் தோட்டக்காரர் வருந்துகிறார். குளிர்ந்த பனி எவ்வாறு இலையைக் கருக்கும்? அதே இரவில், அதே பனியில் கிடந்த மலைப்புல்லை எவரும் போர்த்தவில்லையே. அது எவ்வாறு பிழைத்தது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கம்.

உயரம் தரும் இடர்கள்

நீலகிரியின் மிக உயர்ந்த சிகரமாகிய தொட்டபெட்டாவின் உயரம் 2637 மீட்டர். கடல்மட்டத்தில் உள்ள காற்றழுத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கே அங்கு நிலவுகிறது. காற்று மெலிவதால் மூன்று விளைவுகள் ஏற்படுகின்றன.

முதலாவது, குளிர். 1000 மீட்டர் உயரம் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியசு குறைகிறது. மெலிந்த காற்றால் வெப்பத்தை நெடுநேரம் பிடித்துவைக்க இயலாது. முகிலற்ற பனிக்கால இரவில் நிலம், பகலில் பெற்ற வெப்பத்தை வானை நோக்கி விரைவாக இழந்துவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. எனவே, அது சரிவுகளில் வழிந்து பள்ளங்களில் தேங்குகிறது. பள்ளத்துப் புல்வெளிகளில் உறைபனி மிகுதியாகப் படிவது இதனால்தான்.

இரண்டாவது, வறட்சி. பனிக்காலத்தில் மலையில் வீசும் காற்று ஈரமற்றது. அது இலையின் நீரை உறிஞ்சிச் செல்கிறது. மண்நீரோ குளிர்ந்திருப்பதால் வேர்களால் அதனை எளிதில் ஈர்க்க முடிவதில்லை.

மூன்றாவது, கதிர்வீச்சு. கதிரவனிடமிருந்து நம் கண்ணுக்குப் புலனாகும் ஒளியுடன் புற ஊதாக்கதிர்களும் வருகின்றன. அலைநீளத்தைக் கொண்டு இவற்றை அ, ஆ, இ என மூவகைப்படுத்தலாம். 100 முதல் 280 நானோமீட்டர் வரை அலைநீளமுடைய 'இ' வகை மிகக் கொடியது. அதனை வளிமண்டலம் முற்றிலும் தடுத்துவிடுகிறது. 280 முதல் 315 நானோமீட்டர் வரையுள்ள 'ஆ' வகையின் பெரும்பகுதியை ஓசோன் படலம் தடுக்கிறது. எஞ்சியது நிலத்தை அடைகிறது. 315 முதல் 400 நானோமீட்டர் வரையுள்ள 'அ' வகை பெரும்பாலும் தடையின்றி வந்து சேர்கிறது. மலையேற ஏறக் கதிர்கள் கடந்துவரும் காற்றின் அளவு குறைகிறது. அதனால் ஒவ்வோர் 1000 மீட்டருக்கும் புற ஊதாக்கதிரின் அளவு ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது. மேலும், வெப்பமண்டலத்தில் கதிரவன் தலைக்குமேல் நிற்கிறான். அங்கு ஓசோன் படலமும் துருவப் பகுதிகளைவிட மெல்லியதாக உள்ளது. எனவே, நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள நம் மலைகளின் உச்சியில் வாழும் தாவரங்கள் மிகுந்த கதிர்வீச்சுக்கு உள்ளாகின்றன.

பனி கருக்குவது எவ்வாறு?

இலையின் செல்களுக்கு இடையேயுள்ள நீர்தான் முதலில் உறைகிறது. அவ்வாறு உருவாகும் பனித்துகள்கள் செல்லுக்கு உள்ளேயிருக்கும் நீரை வெளியே இழுக்கின்றன. நீரை இழந்த செல் சுருங்குகிறது. அதன் சவ்வு சிதைகிறது. எனவே, தாவரத்தைப் பொறுத்தவரை உறைதல் என்பது ஒருவகை வறட்சியே ஆகும். கடுங்கோடையில் காய்ந்த இலையும் கடும்பனியில் வாடிய இலையும் ஒன்றுபோலத் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

அடுத்த தாக்குதல் பொழுது விடிந்தபின் வருகிறது. பச்சையம் ஒளியை ஈர்ப்பதற்குக் குளிர் தடையன்று. ஆனால், ஈர்த்த ஆற்றலைக்கொண்டு சர்க்கரை ஆக்கும் நொதிகள் குளிரில் மிக மெதுவாகவே செயற்படுகின்றன. உலையில் விறகு எரிந்துகொண்டிருக்க, அரிசி இடாத பானை சூடேறுவதுபோலச் செலவிடப்படாத ஆற்றல் இலைக்குள் பெருகுகிறது. அந்த மிகையாற்றல் ஆக்சிசனைச் சென்றடைந்து, எதனுடனும் வினைபுரியும் கொடிய ஆக்சிசன் வடிவங்களை உண்டாக்குகிறது. அவை பச்சையத்தையும் புரதங்களையும் செல் சவ்வுகளையும் அழிக்கின்றன. இரவுப் பனியும் காலை வெயிலும் கைகோத்து நிகழ்த்தும் இவ்வழிவையே மக்கள் 'பனிக்கருகல்' என்கின்றனர். பொழுது விடியும்முன் செடியின்மேல் நீர் தெளித்துப் பனியைக் கரைப்பதும், தழையைப் போர்த்தி நிழலிடுவதும் இவ்வறிவை ஒட்டிய நடைமுறைகளே.

புறத்தே அமைந்த கவசங்கள்

உயர்மலைத் தாவரங்களை உற்றுநோக்கினால், அவற்றின் தோற்றமே அவற்றின் வரலாற்றைச் சொல்லும். இலைகள் சிறியவை, தடித்துத் தோல்போன்றவை, மேற்பரப்பில் மெழுகுப் பூச்சு கொண்டவை. சிறிய இலை குறைந்த நீரையே இழக்கும். தடித்த மேற்றோலும் மெழுகும் நீரிழப்பைக் குறைப்பதோடு, கதிர்களின் ஒரு பகுதியையும் தடுக்கின்றன.

நீலகிரிக் குழந்தைகள் விரும்பி உண்ணும் தவிட்டுப்பழத்தைத் தரும் செடியின் இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்புறம் முழுவதும் மென்மையான மயிர்கள் அடர்ந்திருக்கும். புல்வெளிச் சரிவுகளில் வளரும் அனபாலிசு என்னும் செடியோ கம்பளி போர்த்தியதுபோல வெண்மையாகத் தோன்றும். இம்மயிர்கள் ஒளியைச் சிதறடிக்கின்றன. இலைக்கு அருகே அசைவற்ற காற்றடுக்கு ஒன்றை நிறுத்தி, நீரிழப்பையும் வெப்ப இழப்பையும் குறைக்கின்றன. ஒரே போர்வை வெயில், காற்று, குளிர் ஆகிய மூன்றுக்கும் தடையாகிறது.

பனிக்காலத்தின் இறுதியில் செந்நிற மலர்க்கொத்துகளால் மலையை அழகுசெய்யும் காட்டுப்பூவரசு, ரோடோடென்ட்ரான் இனத்தைச் சேர்ந்தது. அதன் நெருங்கிய உறவு இமயமலையில் வளர்கிறது. பெருங்குளிர் நிலவிய பழங்காலத்தில் தெற்கே பரவிய தாவரங்களின் எச்சமாக இதனைத் தாவரவியலாளர் கருதுகின்றனர். சோலையை விட்டு விலகிப் புல்வெளி நடுவே தனித்து நிற்கும் துணிவு இம்மரத்துக்கு உண்டு. அதன் குட்டையான, முறுக்கிய தண்டு காற்றுக்கு ஈடுகொடுக்கிறது. தடித்து வெடித்த பட்டை குளிரிலிருந்தும் புல்வெளித் தீயிலிருந்தும் உட்பகுதியைக் காக்கிறது.

அகத்தே அமைந்த காவல்

கவசத்தைத் துளைத்து உள்ளே வரும் கதிரை எதிர்கொள்ளத் தாவரம் வேதிப்பொருள்களைத் துணைகொள்கிறது. மேற்றோல் செல்களில் ஃபிளேவனாய்டு என்னும் பொருள்கள் தேக்கி வைக்கப்படுகின்றன. இவை ஒளிச்சேர்க்கைக்குத் தேவையான ஒளியை உள்ளே விட்டு, புற ஊதாக்கதிரை மட்டும் ஈர்த்துக்கொள்கின்றன. சோலைக்காட்டு மரங்கள் தளிர்க்கும் பருவத்தில் பசுமைக்கு நடுவே செம்மையும் செம்பழுப்பும் ஒளிர்வதைக் காணலாம். முதிராத இளந்தளிருக்குத் தடித்த தோல் இல்லை. அது முதிரும்வரை ஆந்தோசயனின் என்னும் செந்நிறமி அதற்குக் குடை பிடிக்கிறது.

மிகையாற்றலை வெளியேற்றவும் வழி உண்டு. இலையிலுள்ள சாந்தோஃபில் என்னும் மஞ்சள் நிறமிகளுள் ஒன்று, ஒளி மிகும்போது தன் வடிவை மாற்றிக்கொண்டு, தேவைக்கு மேற்பட்ட ஆற்றலைத் தீங்கற்ற வெப்பமாக வெளியிட உதவுகிறது. ஒளி குறைந்ததும் பழைய வடிவுக்குத் திரும்புகிறது. அணையின் மிகைநீர்ப் போக்கியைப் போன்றது இவ்வமைப்பு. இதனையும் மீறித் தோன்றும் கொடிய ஆக்சிசன் வடிவங்களை வைட்டமின் சி போன்ற எதிர் ஆக்சிசனேற்றிகள் அடக்குகின்றன. குளிர் நெருங்கும்போது செல்களில் சர்க்கரையும் புரோலின் என்னும் அமினோ அமிலமும் பெருகுகின்றன. உப்புநீர் எளிதில் உறையாததுபோல, இப்பொருள்கள் கரைந்த செல்நீரும் எளிதில் உறைவதில்லை.

இத்தனை காவலையும் கடந்து மரபுப்பொருளாகிய டி.என்.ஏ.வைப் புற ஊதாக்கதிர் தாக்கினால், அதில் அடுத்தடுத்துள்ள இரு கூறுகள் தவறாக ஒட்டிக்கொள்கின்றன. அப்பிழை நீடித்தால் செல் மடியும். ஃபோட்டோலையேசு என்னும் நொதி, நீல ஒளியின் ஆற்றலைப் பெற்று அத்தவறான ஒட்டைப் பிரித்துச் சீராக்குகிறது. காயம் செய்த கதிரவனிடமிருந்தே மருந்துக்கான ஆற்றலையும் பெறுகிறது தாவரம்! மனிதர் உள்ளிட்ட பெரும்பாலான பாலூட்டிகளிடம் இந்நொதி இல்லை என்பது எண்ணத்தக்கது.

புற ஊதாக்கதிர் வருவதைத் தாவரம் எவ்வாறு உணர்கிறது? இவ்வினாவுக்கான விடை 2011ஆம் ஆண்டில் வெளியாயிற்று. யு.வி.ஆர்.8 என்னும் புரதம் இருளில் இரட்டையாக இணைந்திருக்கும். 'ஆ' வகைக் கதிர் பட்டதும் அவ்விரட்டை பிரிகிறது. பிரிந்த புரதம், ஃபிளேவனாய்டு ஆக்கத்துக்கும் டி.என்.ஏ. சீரமைப்புக்கும் உரிய மரபணுக்களைத் தூண்டுகிறது. எனவே, அளவான கதிர்வீச்சு தாவரத்துக்கு எச்சரிக்கையாகவும் பயிற்சியாகவும் அமைகிறது. நிழலில் வளர்த்த நாற்றைத் திடீரெனக் கடும் வெயிலில் நட்டால் அது வாடுவதற்கும், சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்கினால் தழைப்பதற்கும் இத்தகைய பயிற்சி ஒரு காரணமாகும்.

தெரிந்து தெளிவோம்

இமயமலையில் 4000 மீட்டருக்கு மேல் வளரும் 'ரீயம் நோபிலே' என்னும் தாவரம், ஆளுயரத்துக்கு ஒரு கோபுரம்போல எழுந்து நிற்கும். அதன் பூக்களை, ஒளி ஊடுருவும் வெளிர்மஞ்சள் இலைச்செதில்கள் மூடியிருக்கும். அச்செதில்கள் புற ஊதாக்கதிரைத் தடுத்து, காணும் ஒளியை உள்ளே விடுகின்றன. அதனால் உட்புறம் வெளிக்காற்றைவிட வெதுவெதுப்பாக இருக்கிறது. மனிதர் கண்ணாடி வீடு கட்டிச் செடி வளர்க்கின்றனர். இச்செடியோ தன் வீட்டைத் தானே கட்டிக்கொள்கிறது.

புல்லும் சோலையும்

தனித்தாவரம் தன்னைக் காத்துக்கொள்வது ஒருபுறமிருக்க, தாவரங்கள் கூடிவாழ்ந்து காத்துக்கொள்ளும் முறையும் உண்டு. ஆங்கிலத் தாவரவியல் நூல்கள் நம் 'சோலை' என்னும் சொல்லையே எடுத்து இக்காடுகளுக்குப் பெயராக வழங்குகின்றன. மலை மடிப்புகளில், ஓடைகளை ஒட்டி, குட்டையான மரங்கள் குடைபோன்ற தலைகளை நெருக்கமாகக் கோத்து நிற்பதே சோலை. இம்மேற்கூரை கடும் வெயிலையும் காற்றையும் தாங்கிக்கொள்கிறது; இரவில் நிலத்தின் வெப்பம் வெளியேறாமல் தடுக்கிறது. அதனடியில் பாசிகளும் பெரணிகளும் சோலைமரக் கன்றுகளும் பாதுகாப்பாக வளர்கின்றன. அதே கன்று புல்வெளியில் முளைத்தால் உறைபனிக்கு இரையாகிறது. சோலை ஏன் புல்வெளிக்குள் பரவவில்லை என்னும் வினாவுக்கு ஆய்வாளர் கூறும் காரணங்களுள் இதுவும் ஒன்று.

புல் வேறொரு வழியைக் கையாள்கிறது. அதன் வளர்முனை மண்ணை ஒட்டியோ மண்ணுக்குள்ளோ இருக்கிறது. பனியும் தீயும் மேய்ச்சலும் மேலுள்ள தாளை அழிக்கலாம், உயிர்முனையை அழிப்பதில்லை. மழை பெய்ததும் அது மீண்டும் துளிர்க்கிறது. தேயிலைச் செடிக்குப் போர்வை தேவைப்பட்ட இரவில் புல்லுக்குத் தேவைப்படாததன் காரணம் இதுவே.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலையை நீலமாக்கும் குறிஞ்சி, காலத்தையே தன் கருவியாக்கிக்கொண்டது. ஒரு பகுதியின் செடிகள் யாவும் ஒருசேரப் பூத்து, விதைத்து, மடிகின்றன. விதை உண்ணும் உயிர்கள் தின்று தீர்க்க முடியாத அளவுக்கு விதைகள் மண்ணில் விழுகின்றன. எஞ்சிய விதைகளே அடுத்த தலைமுறை. 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் மலையில் நீலம் விரிந்ததைப் பலர் கண்டனர். இடைப்பட்ட ஆண்டுகளில் அது வெறும் புதராகவே தோன்றும். அப்போது அந்நிலத்தைத் திருத்தி வேறு பயன்பாட்டுக்கு மாற்றிவிட்டால், அடுத்த பூப்பு அங்கு நிகழாது.

'தரிசு' என்னும் பிழை

மரமற்ற இப்புல்வெளிகளைக் கண்ட ஆங்கிலேய ஆட்சியாளர், காடு அழிந்து ஏற்பட்ட தரிசு எனக் கருதினர். விறகுக்காக ஆத்திரேலியாவிலிருந்து சீகை எனப்படும் வாட்டில் மரமும் தைலமரமும் கொண்டுவரப்பட்டன. விடுதலைக்குப் பின்னரும் தோல் பதனிடும் பட்டைக்காகவும் செயற்கை இழைக்கான மரக்கூழுக்காகவும் அவை விரிவாக நடப்பட்டன.

அக்கருத்து பிழையானது என்பதை மண்ணே மெய்ப்பித்தது. நீலகிரிச் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்துள்ள கரிமமண்ணை ராமன் சுகுமார் முதலிய ஆய்வாளர்கள் ஆராய்ந்து, 1993ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். மண்ணிலுள்ள கார்பன் வகைகளின் விகிதம், அங்கு வளர்ந்தது எவ்வகைத் தாவரம் என்பதைக் காட்டும். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்குப் புல்வெளி இருந்தது என்று அது காட்டியது. ஆகவே, புல்வெளி மனிதர் அழித்த காட்டின் எச்சம் அன்று. மலையின் இயற்கையான பழம்போர்வை.

அப்போர்வையை மாற்றியதன் விளைவு சமவெளி வரை எட்டுகிறது. புல்வெளியும் சோலையும் மழைநீரை மண்ணில் தேக்கி, கோடையிலும் ஓடைகளாகச் சிறிது சிறிதாக விடுகின்றன. நீலகிரியின் கிளன்மார்கன் பகுதியில் இயற்கைப் புல்வெளியையும் தைலமரம் நட்ட இடத்தையும் ஒப்பிட்டு நெடுங்காலம் ஆய்வு செய்தனர். தைலமரம் நட்ட முதல் 10 ஆண்டுகளில் அங்கிருந்து வெளிவரும் நீரின் அளவு 16 விழுக்காடு குறைந்ததாக அவ்வாய்வு காட்டியது. பைக்காரா, மோயாறு, பவானி ஆகிய ஆறுகள் இம்மலை நீரைச் சுமந்துதான் பவானிசாகர் அணையை அடைகின்றன. மலையுச்சியின் ஒரு புற்கற்றைக்கும் ஈரோட்டுச் சமவெளியின் ஒரு மஞ்சள் வயலுக்கும் இடையே நீர் என்னும் உறவு உண்டு.

பழனிமலையிலும் இதே நிலைதான். 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு, அங்குள்ள இயற்கைப் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதாகக் காட்டுகிறது. வாட்டில் மரத்தின் விதைகள் மண்ணில் பல்லாண்டு காலம் முளைதிறனோடு கிடக்கும். மரத்தை வெட்டினாலும் நூற்றுக்கணக்கில் மீண்டும் முளைக்கும். எனவே, அயல்மரங்களை அகற்றி, உள்ளூர்ப் புல்லின் நாற்றுகளை நட்டு, பல்லாண்டுகள் காத்திருக்க வேண்டியுள்ளது. நீலகிரியில் அத்தகைய மீட்புப் பணிகள் நடைபெற்று வருகின்றன.

மலைக்கு மேல் இடமில்லை

உலகம் வெப்பமடைந்து வருகிறது. சமவெளித் தாவரமொன்று தனக்கு ஏற்ற குளிர்ச்சியைத் தேடித் தலைமுறை தலைமுறையாக மேல்நோக்கி நகரலாம். உச்சியில் வாழும் தாவரம் எங்கே நகரும்? தொட்டபெட்டாவுக்கு மேல் வானம்தான் இருக்கிறது. உறைபனி குறைந்தால், அதுவரை தடுத்து நிறுத்தப்பட்ட அயல்தாவரங்கள் புல்வெளிக்குள் புகுவதும் எளிதாகும். பகையாக நாம் கருதிய பனியே இப்புல்வெளிக்கு வேலியாகவும் இருந்திருக்கிறது.

பல்லாயிரம் ஆண்டுகளாகப் பனியையும் கதிரையும் பொறுத்துப் பழகிய தாவரங்களுக்குச் சில பத்தாண்டுகளில் நாம் விளைவித்த மாற்றம் புதியது. அதனைப் பொறுக்கும் கவசம் அவற்றிடம் இல்லை. மரம் நடுவது நன்று. எந்த மண்ணில் எந்த மரம் என்று அறிந்து நடுவதே அறிவு. மரமில்லாத இடத்தை மரமில்லாமலேயே விட்டுவைப்பதும் இயற்கைக்குச் செய்யும் தொண்டுதான். அடுத்த முறை மலையேறும்போது, காலடியில் கிடக்கும் எளிய புல்லைக் குனிந்து பாருங்கள். முந்தைய இரவின் உறைபனியையும் அன்றைய நண்பகலின் கதிரையும் தாங்கி நிற்கும் அப்புல்லை மிதிக்காமல் நடப்பதிலிருந்து நம் கடமை தொடங்குகிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் வெயிலிலும் நிழலிலும் வளரும் ஒரே வகைச் செடியின் இலைகளைச் சேகரித்து, அவற்றின் பருமன், நிறம், அளவு ஆகியவற்றை ஒப்பிட்டு அட்டவணைப்படுத்துக.

2. 'வெற்றிடம் யாவும் மரம் நடுவதற்கு உரியனவா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. உங்கள் ஊருக்கு வரும் குடிநீர் எம்மலையில் தோன்றி, எவ்வழியாக வந்து சேர்கிறது என்பதைப் பெரியோரிடம் கேட்டறிந்து, ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.